ஓய்வூதியச் சபையில் ஒரேயொரு சான்றிதழ்

1

இந்தக் கதை ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது. மொன்றியலின் வில்லரே பகுதியில் ஒரு மூலைக்கடையில் பால் வாங்க நின்றேன். முன்னால் நின்ற பெண் கடைக்காரியிடம், "படிச்சதுதான் நான் செய்த பிழை" என்றாள். மிச்சம் காதில் விழவில்லை. அதெல்லாம் என் கற்பனை. கோபம் மட்டும் கற்பனையில்லை.

முதல் தொடக்கம்: 'மொன்றியலில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு…' வேண்டாம். பனியை எழுதினால் கோபம் ஆறிவிடும்.

இரண்டாவது: 'புஷ்பராணி ஓர் அப்பாவி…' பச்சைப் பொய்.

2

புஷ்பராணி யாழ்ப்பாணத்துக்காரி, அரச முதியோர் இல்லமொன்றில் தாதி உதவியாளர். வாய் கொஞ்சம் நீளம். அதனால்தான் 1993இல் உடன் வேலை செய்பவர்கள் அவளை அரச முதியோர் இல்ல ஊழியர்களின் ஓய்வூதிய நிதியைப் பார்க்கும் சபைக்குத் தெரிவுசெய்து அனுப்பினார்கள்.

சபைத் தலைவர் ஹென்றி, மேலிடத்து நியமனம். வெளி உறுப்பினர் ரகுநாதன், சென்னையிலிருந்து வந்து இருபது வருடமாகப் பாலங்கள் கட்டும் எஞ்சினியர். பணக்காரர் வாழும் இல்-பிசார் தீவில் தனி வீடு. அந்த மேசையில் இன்னொரு தமிழ் முகத்தைக் கண்டதில் புஷ்பராணிக்குச் சந்தோஷம். முதல் நாளே 'அண்ணை' என்று கூப்பிட்டாள்.

சபைக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஹென்றி தீர்மானத்தை வாசித்து, ஆட்சேபம் உண்டா என்பார். யாரும் வாய் திறக்காவிட்டால் எல்லோருக்கும் சம்மதம் என்று எழுதிவிட்டுக் கேக் வெட்டுவார்கள். மௌனம் சம்மதம் என்பதை நாம் பெண் பார்க்கும் வீட்டில் வைத்திருக்கிறோம். இவர்கள் ஆயிரக்கணக்கானோரின் முதுமைக்கு வைத்திருந்தார்கள்.

[வாசகரே, இந்த இடத்தில் என் பேனா கொதிக்கிறது. ஒரு கிழவருக்கு ஊசி போட புஷ்பராணிக்கு அனுமதியில்லை. அதற்குப் படித்திருக்க வேண்டும். இத்தனை பேரின் பென்சனில் கை வைக்க யாரும் எதுவும் படித்திருக்க வேண்டியதில்லை.]

3

மூன்றாம் கூட்டத்தில் அவள் எழுந்து, இந்த முதலீட்டுக் கணக்கு தனக்கு ஒன்றும் விளங்கவில்லை, மற்றவர்களுக்கும் விளங்கியதாகத் தெரியவில்லை, எல்லோரும் பயிற்சி எடுக்க வேண்டும் என்றாள். சிரித்தார்கள். ரகுநாதனும் சிரித்து, தான் டாக்டர் பட்டம் வாங்கியவன் என்றார். 'கட்டாயம்' என்று அவள் கேட்டது 'விரும்பினால்' என்று நிறைவேறியது.

விரும்பியவள் அவள் ஒருத்திதான். சனிக்கிழமைகளில் பஸ் மாறி மாறி, நகருக்கு வெளியே மேற்குக் கோடியிலுள்ள சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ போய்ப் படித்தாள். சான்றிதழை அவளுடைய மகள் சாருஜா கண்ணாடி போட்டு வரவேற்பறையில் மாட்டினாள். (இங்கே ஒரு பாராட்டு விழாக் காட்சி எழுதி அடித்துவிட்டேன். யாரும் பாராட்டவில்லை.)

4

அடுத்த வருடம் ஹென்றி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: கட்டி முடியாத கடைத்தொகுதி ஒன்றில் ஓய்வூதிய நிதியைப் போடுவது. விளங்காததை வாங்காதே, வெளியாளிடம் அறிக்கை கேள் என்பது பயிற்சியின் முதல் பாடம். புஷ்பராணி எழும்பினாள். பக்கத்திலிருந்த ரகுநாதன் தமிழில் மெதுவாகச் சொன்னார்.

"இப்ப வேணாம்மா. நான் சரின்னு சொல்லிட்டேன். வெள்ளைக்காரங்க முன்னாடி நாமளே அடிச்சுக்கற மாதிரி இருக்கும். அப்புறம் பேசிக்கலாம்."

அவள் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டாள். வேறு யார் சொல்லியிருந்தாலும் இருந்திருக்க மாட்டாள். வெள்ளைக்காரருக்கு முன் நம் மானத்தைக் காக்கிறோம் என்று எத்தனை இடத்தில் இப்படிக் கெட்டிருக்கிறோம்! கேக் வெட்டப்பட்டது.

1996இல் கடைத்தொகுதி படுத்துவிட்டது. ஓய்வூதியம் குறையும் என்று அறிவித்தார்கள். தங்களுக்குப் பயிற்சியில்லை, தெரிந்திருக்க வழியில்லை என்று ஹென்றியின் ஆட்கள் ஒரே குரலில் சொன்னார்கள். ரகுநாதன் இன்னும் தெளிவாகச் சொன்னார்.

"கோர்ஸ் படிச்சவங்க அவங்க ஒருத்தர்தான். அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

பாவம் ஓரிடம், பழி ஓரிடம். சீச்சீ.

5

முடிவு அ: புஷ்பராணி சான்றிதழைக் கழற்றிக் குப்பையில்… இல்லை. அவள் அப்படிச் செய்தால் ஹென்றிதான் வென்றவர்.

முடிவு ஆ: ரகுநாதன் எழுந்து உண்மையைச் சொல்கிறார். நாலு தரம் எழுதிப் பார்த்தேன். மனுஷன் எழும்பமாட்டேன் என்கிறார்.

முடிவு இ: அங்கத்தவர் பொதுக்கூட்டம். வில்லரேயில் ஒரு மண்டபம், கதிரைகள் நிரம்பியிருக்கின்றன. பயிற்சி பெற்ற ஒரே உறுப்பினர் எச்சரிக்கத் தவறியதால் பொறுப்பு அவளுடையது, அவளை நீக்குகிறோம் என்று ஹென்றி வாசிக்கிறார். புஷ்பராணி தட்டுத்தடுமாறிப் பிரெஞ்சில் பேசுகிறாள். அவள் தமிழில் அது இப்படி வரும்:

"நான் கேக்க எழும்பினனான். இவர் இருக்கச் சொன்னார், இருந்திட்டன். அது என்ர பிழைதான். ஆனா தெரியாது எண்டு சொல்லித் தப்பலாமெண்டால், இனி இந்தச் சபையிலை ஆர் படிக்கப் போகினம்?"

மூன்றாம் வரிசையில் ரகுநாதன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஹென்றி தொண்டையைச் செருமி, வழக்கம்போல, ஆட்சேபம் உண்டா என்கிறார்.

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. இவ்வளவு தூரம் வந்த நீங்களும் இப்போது அந்த மண்டபத்தில்தான் இருக்கிறீர்கள். என்ன நடந்ததென்று உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லமுடியாது. புஷ்பராணி உங்கள் பக்கம் பார்க்கிறாள். நீங்கள் பேசாமலிருந்தால் சம்மதம் என்று எழுதிவிடுவார்கள். கேக் தயாராக இருக்கிறது.