குருத்தோலைக்குப் போன வில்லோ

வேணுஜா பால்கனிக் கதவைத் திறந்தாள். தொட்டியிலிருந்த வில்லோ என்ற குளிர்நாட்டுச் செடி மொட்டையாக நின்றது. பஞ்சுபோல் பூத்திருந்த கதிர்களில் ஒன்றுகூட மிச்சமில்லை.

யார் வேலை என்று கேட்கவும் வேண்டுமா? இன்று குருத்தோலை ஞாயிறு. ஜெர்மனியின் கொலோன் நகரில் தென்னங்குருத்துக்கு எங்கே போவது? இங்கே வில்லோக் கதிரைத்தான் பூசையில் மந்திரிக்கக் கொண்டுபோவார்கள். அம்மா நேசமலர் வருடாவருடம் கடையில் வாங்குவார். இம்முறை வீட்டிலேயே பூத்து நிற்கும்போது விடுவாரா!

அது வடதுருவத்தை ஒட்டிய லாப்லாந்திலிருந்து வந்த விதையில் முளைத்த செடி. அசல் வடபுலத்து இனம் என்று நம்பித்தான் வேணுஜா இரண்டு வருடம் ஆராய்ச்சி செய்திருந்தாள். செவ்வாய்க்கிழமை பேராசிரியரிடம் அதை உறுதிசெய்ய வேண்டும். பூவுக்குள் விதை உண்டாகும் குட்டிச் சூலகத்துக்குக் காம்பு இல்லாவிட்டால் அசல். காம்பு இருந்தால் ஊர் வில்லோ கலந்தது, ஆராய்ச்சி அம்போ. இனிப் பூ அடுத்த வசந்தத்தில்தான்.

தேவாலயத்துக்கு ஓடினாள். தமிழ்ப் பூசை முடிந்து சனம் வெளியே வந்துகொண்டிருந்தது.

"அம்மா, பால்கனிப் பூ எங்கை?"

"எல்லாருக்கும் குடுத்திட்டன் பிள்ளை. இந்தக் கெட்டு ஒண்டுதான் மிச்சம்."

"தாங்கோ, பிச்சுப் பாக்கவேணும்."

"மந்திரிச்சதைப் பிய்க்க ஏலாது." நேசமலர் கிளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"என்ரை படிப்பே அதுக்குள்ளைதான் இருக்கு அம்மா."

நேசமலர் மகளின் முகத்தைப் பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டு, தானே ஒரு கதிரைப் பிய்த்து நீட்டினார்.

வேணுஜா சட்டைப்பையிலிருந்த உருப்பெருக்கியை எடுத்தாள். கதிரைக் கண்ணருகே பிடித்தாள். காம்பு இருந்தது. "காம்பு இருக்கம்மா. கலப்புச் செடிதான்."

"நான் வெட்டினதாலையோ?" என்றார் அம்மா, பயந்துபோய்.

"இல்லையம்மா. அது முளைக்கேக்கையே அப்பிடித்தான். பத்து நாளாய்ப் பூத்திருந்தது. பாக்கப் பயந்து நான்தான் கிட்டப் போகேல்லை."

"ஒண்டை வைச்சு எப்பிடிச் சொல்லுவாய்?" நேசமலர் இன்னொன்றைப் பிய்த்தார். அதிலும் காம்பு. மூன்றாவதிலும் இருந்தது. வேணுஜாவுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது, உருப்பெருக்கியைக் கீழே இறக்கினாள்.

"பார் பிள்ளை, இன்னும் இருக்கு," என்று அம்மா அடுத்த கதிரைப் பிய்த்து நீட்டினார்.