தென்னரசு புளிக்க வைத்த இரண்டு மாவு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாக வேண்டியதே இல்லை. வீட்டிலேயே காலையில் பேன்கேக் சுடக் கடையில் விற்கிற மாவுக் கலவைகளில் சாதாரணமானது எப்படி, குளூட்டன் இல்லாதது எப்படி என்று ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதச் சொன்னது ஒரு மகளிர் இதழ். குளூட்டன் என்பது கோதுமையில் இருக்கும் பசைச்சத்து. எட்டு மாதமாக எனக்கும் அதற்கும் ஆகாது. டாக்டர் பிரித்து வைத்துவிட்டார். என்னைவிடத் தகுதியான ஆள் கிடைப்பாரா?

இப்படி ஆரம்பித்தேன்: ‘விழுப்புரத்தில் வேலை முடிந்து திண்டிவனத்துக்கு ரயில் பிடிக்கும் அவசரத்திலும் இரண்டு பாக்கெட்டுகளை வாங்கிய நான், அவற்றின் ஊட்டச்சத்து அட்டவணையை—’

தூங்கிவிட்டீர்களா? எனக்கும் கொட்டாவி வந்தது. அடித்துவிட்டேன்.

2

விஷயம் அட்டவணையில் இல்லை, ரோஜாவிடம் இருக்கிறது. என் மகள், ஒன்பது வயது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளும் நானும் ஒரே தட்டில் பேன்கேக் சாப்பிடுவோம். டாக்டர் தடை போட்ட அந்த வாரமே தட்டைத் தள்ளிவிட்டாள்.

“உனக்கு இல்லன்னா எனக்கும் வாணாம்மா.”

அதன்பிறகு தொடவே இல்லை. எனக்கு அந்த ஒரே தட்டு திரும்ப வேண்டும். கட்டுரையெல்லாம் சாக்கு.

3

இனி கதாநாயகன். தென்னரசு, என் கணவர், கிளியனூர்க்காரர். சனிக்கிழமை சாயங்காலம் நான் துணி மடித்துக்கொண்டிருந்த நேரத்தில் இரண்டு பாக்கெட்டையும் பிரித்துக் கரைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி இட்லி மாவு ஊற்றி, புளிக்கட்டும் என்று மூடி வைத்துவிட்டார். ‘கரைத்தவுடன் சுடவும்’ என்று பாக்கெட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது.

(இப்படி ஓர் ஆளை நீங்கள் நம்புவீர்களா என்று எனக்கே சந்தேகம். முதுகுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த கதாநாயகனிடமே கேட்டேன்.

“மாவுன்னா புளிக்கணும் பிரபா. புளிக்காத மாவ எவன் சுடுவான்? அத எழுது. என்ன லூசு மாரி எழுதிக்கினு இருக்காத.”

எழுதிவிட்டேன்.)

ஒரு விஷயத்தில் மட்டும் கெட்டிக்காரர். எங்கள் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் தூக்குகளில் பெயர் வெட்டியிருக்கும். கோதுமை மாவு ‘தென்னரசு’ தூக்கில். என் மாவு ‘பிரபாவதி’ தூக்கில். கரண்டியும் தனித்தனி.*

* கரண்டியில் பெயர் இல்லை. என்னுடையதற்குச் சிவப்பு நூல் கட்டியிருக்கிறார்.

4

முந்தின நாளே எழுதி வைத்த வடிவத்தில் ஞாயிறு காலை இரண்டு மாவும் கெட்டுப்போயின, நான் அழுதேன். சோகத்துக்கு இலக்கியத்தில் மரியாதை அதிகம். ஆனால் இப்போது சமையலறையில் நோட்டோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், நடப்பது வேறு.

தென்னரசு தூக்கில் கரண்டியைத் தூக்கினால் மாவும் கூடவே எழுந்து வருகிறது. பிரபாவதி தூக்கில் அரிசியும் கேப்பையும் கலந்த மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு வழிகிறது.

“அப்பா, அம்மாது பொங்கிக்கினு வருது! உன்னுது பசையாப் போச்சு!”

“பரவால்ல, போஸ்டர் ஒட்டிக்கலாம்” என்கிறார், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

என் தோசைக்கல்லில் நெய் தடவி என் மாவை ஊற்றினார். முதலாவது கிழிந்தது. இரண்டாவது முழுசாக வந்தது.

5

முடிவுகள்.

அ) ரோஜா “சூப்பர்ம்மா!” என்கிறாள். (விளம்பரம் மாதிரி இருக்கிறது.)

ஆ) ரோஜா துப்பிவிடு— (முடியாது. பெற்ற மனம்.)

இ) நடந்துகொண்டிருப்பது. என் தட்டை உற்றுப் பார்க்கிறாள்.

“இத நீ சாப்புடலாமாம்மா?”

“சாப்புடலாம்டி.”

“நெசமா?”

“தூக்குல என் பேரே வெட்டி இருக்குது, பாரு.”

போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். மெல்லுகிறாள். வாயைத் திறக்கப் போகிறாள்.

எந்த மாவு சிறந்தது என்று இதழ் காத்திருக்கிறது. ரோஜா என்ன சொன்னாள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் பேனாவை வைத்தாக வேண்டும். தட்டில் பாதிதான் மிச்சம், அவள் கை மறுபடியும் வருகிறது.