டிரம் அடுப்பில் இரண்டாவது தட்டு

அடிபட்டு நசுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்துவது அவர் பிழைப்பு. அதனால் எல்லோருக்கும் அவர் டிங்கர்தான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரரே இரண்டு நிமிஷம் யோசிப்பார். இருபத்தெட்டு வருடமாக மில்லிமீட்டர் கணக்கில் பார்த்துப் பழகிய கண் அவருடையது. சுவரில் காலண்டர் ஒரு நூல் சாய்ந்திருந்தால் சாப்பாடு இறங்காது. அப்பேர்ப்பட்ட மனிதர் பட்டப்பகலில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோட்டை விட்டார்.

வீட்டுக்குப் பின்னால் அவர் கையாலேயே செய்த புகையடுப்பு ஒன்று இருக்கிறது. ஆளுயரத்தில் முக்கால்வாசி வரும் எண்ணெய் டிரம். அடியில் கரிக்கூடை, மேலே வட்டமான கம்பித்தட்டு, அதற்கு மேல் முழுக் கோழிகள் தலை இடிக்காமல் உட்காரும்படி அவரே சுத்தியலால் தட்டிக் குவித்த மூடி. கரி கனன்று, புகை சூழ்ந்து, கோழி மூன்று மணி நேரம் பொறுமையாக வேகும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அடுப்பு புகையும். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன மகன் மனைவியோடு வருவான். டிங்கரின் மனைவியின் தம்பி, அதாவது மச்சான், கூப்பிடாமலேயே வருவார்.

அந்த வாரம் புதன்கிழமை மகன் பட்டறைக்கு வந்தான். வண்டியில் ஒரு நசுங்கலும் இல்லை. சும்மாவே வந்து நின்றான்.

"அப்பா, அடுத்த மாசத்துல இருந்து ஞாயித்துக்கிழமை நாங்க வர மாட்டோம். எப்பவாவது ஒரு நாள் வந்து பாத்துட்டுப் போறோம்."

"உன் பொண்டாட்டி எதாவது சொன்னாளா?"

"அவ ஒண்ணும் சொல்லல. அவ எப்ப என்ன சொல்லியிருக்கா? எனக்குத்தான் பாக்க முடியல. நாம எல்லாரும் அள்ளி அள்ளித் தின்னுட்டு இருக்கோம், அவ ஓரமா உக்காந்து டப்பாவைத் திறக்கிறா."

டிங்கர் கையில் இருந்த சுத்தியலைக் கீழே வைத்தார். விஷயம் அவருக்குத் தெரியாததா என்ன?

மருமகள் கறி சாப்பிடாதவள். சின்ன வயதிலிருந்தே ஒத்துக்கொள்ளாது. வாசனையைக்கூடச் சகித்துக்கொள்வாள், உள்ளே போனது தெரிந்தால் குடலைப் புரட்டும். எட்டு மாதத்துக்கு முன்னால் கல்யாணமாகி முதல் ஞாயிறு இந்த வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது, சூப்பைக் கையில் வாங்கிக்கொண்டு, "இதுல கறி இருக்கா மாமா?" என்று கேட்டாள். "ஒரு துண்டுகூட இல்லம்மா" என்றார் டிங்கர். பொய் சொல்லவில்லை. துண்டு எதுவும் இல்லைதான். எலும்பைக் கொதிக்க வைத்து வடிகட்டிய சாற்றில் காய்கறி போட்டிருந்தார்கள். சாறும் கறிக் கணக்கில்தான் சேரும் என்பது அவர் புத்திக்கு எட்டவில்லை. அவள் கிண்ணத்தைக் காலி செய்து வைத்ததும் மச்சான் சும்மா இருக்கக் கூடாதா? "கோழி குளிச்சிட்டுப் போன தண்ணிதாம்மா, கோழி இல்ல" என்றார். வீடே சிரித்தது. அந்தப் பெண் குளியலறைக்கு ஓடினாள். திரும்பி வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பரவால்ல மாமா" என்றாள். அடுத்த ஞாயிறிலிருந்து அவள் கையில் சொந்தச் சாப்பாட்டு டப்பா வந்தது.

அந்தப் புதன்கிழமை இரவெல்லாம் யோசித்தும் டிங்கருக்குச் சமாதானமாக ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. வார்த்தை அவருக்கு வராது, இரும்பு வரும். ஆகவே மறுநாள் பட்டறையில் உட்கார்ந்து டிரம்முக்கு இன்னொரு தட்டு செய்ய ஆரம்பித்தார். அவளுக்கென்று தனியாக ஒரு தட்டு, அதில் கோழியின் நிழல்கூடப் படக் கூடாது. பழைய ஃப்ரிட்ஜ் தட்டை வெட்டிப் போடலாம் என்று பட்டறையில் ஒருவர் யோசனை சொன்னார். "அதுல என்ன முலாம் பூசியிருக்கானோ, சூட்டுல விஷப்புகை விட்டா யார் பொறுப்பு?" என்று கடிந்துகொண்டு, சுத்தமான எவர்சில்வர் கம்பியாகத் தேடி வாங்கினார். முப்பத்திரண்டு கம்பி, ஒரே இடைவெளி, ஒவ்வொரு பற்றவைப்பையும் விரலால் தடவிப் பார்த்து அரத்தால் ராவினார். மேல்தட்டுக்கு நாலு அங்குலம் கீழே டிரம்மில் நாலு துளை போட்டு, உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்படி நாலு போல்ட் முடுக்கி, அதன்மேல் தட்டை உட்கார வைத்தார். நாலு அங்குலத்துக்குள் முழுக் கோழி நுழையாது. காய்கறி நுழையும். ஆக, கோழி மேலே, காய்கறி கீழே. கணக்கு கச்சிதம். சனிக்கிழமை சாயங்காலம் மருமகளுக்கு அவரே போன் பண்ணினார்.

"நாளைக்கு டப்பா கொண்டு வராதம்மா. உனக்குன்னு தனித்தட்டு போட்டிருக்கேன்."

"சரி மாமா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வெறுங்கையோடு வந்தாள். அதைப் பார்த்ததிலிருந்து டிங்கருக்கு நிலைகொள்ளவில்லை. பதினொரு மணிக்கே மேல்தட்டில் மூன்று கோழி, கீழ்த்தட்டில் ஆறு சோளக்கதிர், காளான், குடமிளகாய் எல்லாம் அடுக்கி மூடியைப் போட்டுவிட்டுக் காவல் நின்றார். மச்சான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "என்ன மாமா, டபுள் டெக்கர் பஸ்ஸா?" என்றார். டிங்கருக்குப் பெருமை தாங்கவில்லை. டேப்பை எடுத்துவந்து இடைவெளியை அளந்தே காட்டினார்.

பன்னிரண்டு மணிக்கு, காய்கறி முதலில் வெந்திருக்கும் என்று மூடியைத் திறந்து குனிந்து பார்த்தார். சோளம் தகதகவென்று இருந்தது. எண்ணெய் தடவாமலே இப்படி ஒரு பளபளப்பா என்று அவருக்கே ஆச்சரியம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே நடுக்கோழியின் தொடையிலிருந்து ஒரு சொட்டு உருண்டு, நின்று, நேராகக் கீழே இருந்த கதிரின் மேல் விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

டிங்கர் கம்பி பார்த்தார், முலாம் பார்த்தார், அங்குலம் பார்த்தார். கோழி என்றால் கொழுப்பு சொட்டும் என்பதைப் பார்க்கவில்லை. அவருக்கு அது ருசி. சொட்டுகிற ருசியைக் குற்றமாக நினைத்துப் பார்க்க அவருக்கு வாழ்க்கையில் அவசியமே வந்ததில்லை.

தாம்பாளத்தோடு வந்த மனைவி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒரு நொடியில் புரிந்துகொண்டாள்.

"குழாயடிக்குக் கொண்டு போய்க் கழுவிடுங்க" என்றாள் தாழ்ந்த குரலில். "துடைச்சுத் தட்டுல வச்சா யாருக்குத் தெரியப் போகுது?"

"தெரிஞ்சா?"

"தெரியாதுங்க. ஆசையா கையை வீசிட்டு வந்திருக்கா. இப்பப் போய்ச் சொன்னீங்கன்னா அவ்வளவுதான், நம்ம பையன் இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டான்."

அவளைக் குறை சொல்ல முடியாது. அவளுக்கு இருப்பது ஒரே பிள்ளை, ஒரே ஞாயிற்றுக்கிழமை. டிங்கரும் யோசிக்காமல் இல்லை. ஒரு கதிரை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார், தண்ணீரைத் திறந்துவிட்டார். தண்ணீர் கதிரில் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு ஓடியது. தேய்த்தார். மறுபடியும் ஒட்டவில்லை. குழாயை மூடிவிட்டு, ஈரக் கதிரைக் கையில் பிடித்தபடியே வீட்டுக்குள் நடந்தார்.

கூடத்தில் மருமகள் தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். மகன் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். மச்சான் தட்டுக்கு முன்னால் முதல் ஆளாக உட்கார்ந்துவிட்டார்.

"அம்மாடி, இதைச் சாப்பிடாதம்மா" என்றார் டிங்கர். "மேல இருந்து கோழிக் கொழுப்பு சொட்டிருச்சு. எல்லாத்துலயும் பட்டிருக்கு. நான்தான் யோசிக்கல. மறுபடியும் அதே தப்பைப் பண்ணிட்டேன்."

"அட, கோழி இந்தத் தடவை சோளத்து மேலயே குளி..." என்று மச்சான் ஆரம்பித்தார்.

"வாயை மூடுய்யா!"

அந்த வீட்டில் அவர் யாரையும் அப்படி அதட்டியதில்லை. மச்சான் வாயைத் திறந்தபடியே நிறுத்தினார்.

மருமகள் பரவால்ல மாமா என்று சொல்லப் போகிறாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் சொல்லவில்லை. கையிலிருந்த தட்டை வைத்த வேகத்தில் கரண்டி குதித்தது.

"எத்தனை தடவை மாமா?" என்றாள். "நீங்க சொன்னீங்கன்னுதானே நம்பி வந்தேன்? அன்னிக்கும் நம்பித்தான் குடிச்சேன். வாந்தி வந்தது எனக்குப் பெரிசில்ல. நான் உள்ள குனிஞ்சு கிடக்கேன், வெளிய நீங்க எல்லாரும் சிரிக்கிறீங்க. கதவைச் சாத்தியும் கேட்டுச்சு."

மகன் தலையைக் குனிந்துகொண்டான். சிரித்தவர்களில் அவனும் ஒருத்தன்.

"நான்தாம்மா ரொம்பச் சத்தமா சிரிச்சேன்" என்றார் டிங்கர். "ஞாபகம் இருக்கு. எட்டு மாசமா இருக்கு. சொல்ல வாய் வரல."

அவள் அவரையே பார்த்தாள். கண்ணில் நீர் நின்றது, ஆனால் கோபமும் இருந்தது. பிறகு புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு விறுவிறுவென்று பின்கட்டுக்கு நடந்தாள். எல்லோரும் பின்னாலேயே ஓடினார்கள். டிரம்முக்குள் ஒரு பார்வை பார்த்தாள்.

"கோழியைக் கீழ வச்சா என்ன?"

"உயரம் பத்தாதும்மா. நாலு அங்குலம்தான்."

"விரிச்சுப் போடுங்க. முதுகெலும்பை வெட்டினா தட்டையா ஆயிடும்ல? எங்க வீட்டுக்கு எதிர்லயே கறிக்கடை வச்சிருக்கான், தினம் பாத்துட்டுதான் வேலைக்குப் போறேன்."

மனைவி அதற்குள் கத்திரியோடு வந்துவிட்டாள். மகன் அடுப்படியில் மிச்சமிருந்த ஆறு பச்சைக் கதிரை எடுத்து உரிக்க உட்கார்ந்தான். டிங்கர் இரண்டு தட்டையும் கழற்றி, நெருப்பில் சுட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி நீட்டினார். மருமகள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இங்க இன்னும் பிசுக்கு இருக்கு மாமா."

மறுபடியும் தேய்த்தார்.

"இந்த ஓரம்?"

மூன்றாவது தடவையும் தேய்த்தார். அவர் பட்டறையில் எத்தனையோ பேர் இப்படி அவரிடம் மாட்டிக்கொண்டு விழித்திருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தன் அங்கே இருந்திருந்தால் வயிறு குளிர்ந்திருப்பான்.

"ஒண்ணு கேக்கணும்மா" என்றார், தட்டைப் பொருத்தும் முன்னால். "கீழ இருந்து புகை மேல வரும். அதுவும் வேணாம்னா கோழியை எடுத்துடறேன். இன்னிக்கு எல்லாரும் சோளமே சாப்பிடுவோம்."

மச்சான் பதறிப் போய் மருமகளைப் பார்த்தார்.

அவள் மச்சானை ஒரு நிமிஷம் நன்றாகத் தவிக்க விட்டாள். "புகை வரட்டும்" என்றாள். "சொட்டக் கூடாது, அவ்வளவுதான்."

மூன்று மணிக்குச் சாப்பாடு. பசியில் எல்லோருக்கும் காது அடைத்திருந்தது. பின்கட்டிலேயே பாயை விரித்து உட்கார்ந்தார்கள். அவள் கதிரை எடுத்து ஒரு கடி கடித்தாள். யாரும் தங்கள் தட்டில் கை வைக்கவில்லை. அவள் மென்றாள், விழுங்கினாள், இன்னொரு கடி கடித்தாள்.

"உப்பு பத்தல மாமா" என்றாள். "முன்னாடியே தடவி ஊற வைக்கணும். அடுத்த ஞாயிறு நான் சீக்கிரம் வந்து நானே தடவிக்கிறேன். நீங்க தொடாதீங்க."

மகன் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான், பிறகு அப்பாவைப் பார்த்தான். டிங்கர் எழுந்து நின்றுவிட்டார். அவர் கோழியைச் சாப்பிட்டுவிட்டு ஆஹா ஓஹோ என்று சொல்லாதவர்கள் கிடையாது. எந்தப் பாராட்டுக்கும் அவர் இப்படி எழுந்து நின்றதில்லை. தண்ணீர் எடுக்க உள்ளே போயிருந்த மனைவிக்குக் கேட்கும்படி, தெருமுனை வரைக்கும் கேட்கும்படி கத்தினார்:

"ஏய், கேட்டியா? உப்பு பத்தலையாம்! உப்பு பத்தவே பத்தலையாம்!"