இடக்கண் கூலி

ஒரு கண்ணின் விலை நாற்பத்தையாயிரம் ரூபாய். பேரம் கிடையாது. ஒற்றையாகவே வாங்கலாம், சோடியாக எடுக்கச் சொல்லி வற்புறுத்த மாட்டார்கள். மற்றக் கண்ணின் நிறம் பார்த்துப் பொருத்தியும் விடுவார்கள். பார்வை மட்டும் அந்த விலைக்குள் அடங்காது.

சிவதர்ஷனுக்குப் பார்வை வேண்டியிருக்கவில்லை. கண் இருப்பதாக ஒரு முதலாளி நம்பினால் போதும். சண்டிலிப்பாயிலிருந்து பன்னிரண்டு வருடம் லொறி ஓடியவன். போன வருடம் கராஜில் ஒருத்தன் இரும்பு அரைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்றான். பொறி ஒன்று பறந்து இடக்கண்ணுக்குள் போய்விட்டது. அப்போதைய முதலாளி ஒரு பால்மாப் பெட்டியோடு வந்து பார்த்து, "ஆறுதலாச் சுகமாக்கிக்கொண்டு வா" என்றார். அடுத்த நாள் காலை அந்த லொறியில் வேறு ஆள் ஏறியிருந்தான். அன்றிலிருந்து சிவதர்ஷன் சந்தையில் வெங்காய மூடை சுமந்தான்.

அச்சுவேலியில் செல்வரட்ணம் முதலாளி பார்சல் கொம்பனி தொடங்கி, வவுனியாவுக்குத் தினம் போய்வர ஒரு சாரதி தேவை என்று பேஸ்புக்கில் போட்டார். சம்பளம் எண்பதாயிரம். கனரக வாகன லைசென்ஸ் வேண்டும், கிராம அலுவலரின் கடிதம் வேண்டும், வந்து லொறி ஓடிக் காட்ட வேண்டும். லைசென்ஸ் சிவதர்ஷனிடம் இருந்தது. அதிலிருந்த படத்தில் கண்ணும் இரண்டு இருந்தது.

மனைவி டிலக்ஷி தோட்டைக் கழற்றி அடைவு வைத்தாள். கண் வந்ததும் பயிற்சி தொடங்கியது.

"முதலாளி இடப்பக்கம் நிண்டு கதைச்சா என்ன செய்வியள்?"

"திரும்பிப் பாப்பன்."

"கோழி பாக்கிற மாதிரித் தலையை வெட்டாதேங்கோ. முழு உடம்பையும் திருப்புங்கோ. மரியாதை குடுக்கிற மாதிரியும் இருக்கும்."

ஒரு மாதத்தில் அவன் ஊரிலேயே மரியாதை மிகுந்த மனிதனாகிவிட்டான்.

தெரிவுக்கு நாலு பேர் வந்தார்கள். களஞ்சியத்துக்குப் போகும் ஒழுங்கை, இரண்டு பக்கமும் மதில், லொறிக்கு மிஞ்சி ஒரு சாண் இடம். அதற்குள் லொறியைப் பின்னுக்கு விடவேண்டும். ஒருத்தன் பாதியில் இறங்கினான். ஒருத்தன் கண்ணாடியை உடைத்தான். முதலாளியின் தங்கச்சி மகன் கோபிசங்கர் மதில் தூணையே சாய்த்துவிட்டு, தூண் பிழையான இடத்தில் நின்றதாகச் சொன்னான். சிவதர்ஷன் ஒரே விடுகையில் உள்ளே விட்டான்.

"தலைகணி உறைக்குள்ளை போன மாதிரியல்லோ போச்சுது!" என்றார் செல்வரட்ணம். நியமனக் கடிதத்தை எடுத்துச் 'சாரதி' என்று எழுதி, கையெழுத்துக்கு நீட்டினார்.

செல்வரட்ணத்தின் தகப்பன் மாட்டு வியாபாரி. மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்குமுன், மாடு எதிர்பாராத நேரம் சால்வை நுனியை அதன் கண்ணோரம் சுண்டுவார். இமை வெட்டினால் கண் சரி. மகனின் காலத்தில் மாடு போய் லொறி வந்தது, சால்வை போகவில்லை.

குனிந்து பேனையை ஊன்றிய சிவதர்ஷனின் இடக்கன்னத்தில் மெல்லிய காற்றுப் பட்டது. ஃபேன் என்று நினைத்தான். அடுத்த கணம் வலக்கண்ணோரம் வெள்ளையாக ஏதோ பாய, திடுக்கிட்டு இமை வெட்டினான். சால்வை. அப்போதுதான் முதலில் பட்ட காற்று என்னவென்று விளங்கியது.

"தம்பி, உந்தக் கண் என்ன விலை?"

பேனை நின்றது. "நாப்பத்தையாயிரம், முதலாளி."

"ஏமாத்திப்போட்டாங்கள். என்னட்டைச் சொல்லியிருந்தா முப்பதுக்கு முடிச்சுத் தந்திருப்பன்."

எல்லாரும் சிரித்தார்கள். தூணைச் சாய்த்தவனின் சிரிப்புத்தான் பெரிது.

"நான் ஓடினதை நீங்களே பாத்தனீங்கள்தானே, முதலாளி."

"ஓம், இரண்டு கண்ணாலையும் பாத்தனான். அதுதான் உன்னைத் துரத்தேல்லை. ஒற்றைக்கண் நாம்பன் மாட்டை என்ரை அப்பா வேண்டாம் எண்டு சொல்லமாட்டார். விலையைத்தான் குறைப்பார்." அவர் கோபிசங்கரைத் தோளில் பிடித்து முன்னே இழுத்தார். "கடதாசியிலை இவன் சாரதி, நீ ஹெல்ப்பர். ஓடுறது நீ. இவன் இடப்பக்கம் இருந்து உனக்குக் கண்ணாயிருப்பான். எண்பதிலை இவனுக்கு ஐம்பது, உனக்கு முப்பது."

"ஓடுறது நானெல்லோ, முதலாளி..."

"பாக்காத கண்ணுக்கே நாப்பத்தைஞ்சு குடுத்திருக்கிறாய். பாக்கிற கண்ணுக்கு ஐம்பது கூடவோ?"

டிலக்ஷியின் காதுத் துளைகளில் வேப்பங்குச்சி இருந்தது. சிவதர்ஷன் அதை நினைத்தான். முதலாளி புதுக் கடதாசியை வீணாக்காமல், 'சாரதி'யை வெட்டி மேலே 'உதவியாள்' என்று எழுதினார். அவன் கையெழுத்து வைத்தான்.

முதல் நாள் கோபிசங்கர் வவுனியா வரைக்கும் "இடப்பக்கம் ஒண்டுமில்லை, விடு" என்று சொல்லிக்கொண்டே வந்தான். இரண்டாம் நாள் போன் பார்த்தான். மூன்றாம் நாளிலிருந்து கொடிகாமத்தில் சாப்பிட்டதும் நித்திரையானான். மூன்றாம் வாரம், கிளிநொச்சி தாண்டி, இடப்பக்கத்திலிருந்து ஒரு ஆடு வந்தது. சிவதர்ஷனுக்கு அது வந்தது தெரியவில்லை, சத்தம்தான் தெரிந்தது. கோபிசங்கர் விழித்து, "என்ன இழவு?" என்றான். ஆட்டுக்காரன் இருபத்தெண்ணாயிரம் கேட்டான்.

"கோபி நித்திரை, முதலாளி."

"சாரதி நித்திரை எண்டு வெளியிலை சொல்லிப்போடாதை, அவன்ரை லைசென்ஸுக்குக் கூடாது. ஆடு வந்தது உன்ரை குருட்டுப் பக்கத்தாலை. நீ கட்டு."

"அப்ப ஆடு எனக்கோ?"

"என்ரை லொறி அடிச்ச ஆடு, தம்பி." இறைச்சி முதலாளி வீட்டுக்குப் போனது.

சம்பள நாளில் அவன் கொண்டுபோன கடித உறையை டிலக்ஷி தடவிப் பார்த்தாள். திறக்காமலே தெரிந்துவிட்டது. "இரண்டாயிரமோ? அடைவு வட்டிக்கும் காணாது. இனி எப்ப தோட்டை மீக்கிறது?" என்றாள். அவன் முழு உடம்பையும் அவள் பக்கம் திருப்பினான்.

அடுத்த நாள் ஆனையிறவில் வெயில் கண்ணாடியில் அடித்தது. லொறிக்குள் இரண்டு பேர், நாலு கண். ஒன்று நாற்பத்தையாயிரத்துக்கு வாங்கியது, பார்க்காது. வேறு இரண்டு, மாதச் சம்பளம் ஐம்பதாயிரத்துக்குப் பிடித்தவை. மூடியிருந்தன, குறட்டையும் வந்தது. மிச்சம் ஒன்று. வவுனியா வரைக்கும் பாதையை அதுதான் பார்க்க வேண்டும். அதன் கூலி இந்த மாதம் ரூபாய் இரண்டாயிரம்.