வரவுப் பரிசு

...ஒரு நாள்கூட மூடவில்லையாம், அதற்குக் கைதட்டல் வேறு. தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். மனேச்சர் ஐயா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஆண்டறிக்கை வாசிக்கிறார், உரும்பிராயிலும் சுற்றுவட்டாரத்திலும் பெரியம்மை பரவிய ஆறு வாரமும் கர்த்தருடைய கிருபையால் நமது பெண்கள் பாடசாலை ஒரு நாளேனும் மூடப்படவில்லை, வரவில் வட்டாரத்துக்கே முதலிடம், சோதனையில் பதினொரு பேரில் பத்துப் பேர் சித்தி... அந்தப் பதினோராவது பிள்ளை எங்கே ஐயா? கேட்கமாட்டீர்கள். அது என்னுடைய பிள்ளை. சோதனை நடந்த கிழமை என் ஐரிஸ் வாழையிலையில் கிடந்தாள், முகம், கழுத்து, உள்ளங்கை என்று ஒரு இடம் மிச்சமில்லை, இடக்கண் திறக்க ஒன்பது நாள் சென்றது, திறந்தும் பார்வை இல்லை. பதின்மூன்று வயது. அவளுக்கு இந்த அறிக்கையில் ஒரு வரி கிடையாது. கிருபையாம்! எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு இந்த மேசைவிரிப்பைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் பரிசுகளும் பூச்சாடியும் அவர் மடியிலே போய் விழும். இழுக்கமாட்டேன், எனக்கே தெரியும். பதினாறு வருடம் ரீச்சராக இருந்த பழக்கம், மேடை ஓரத்தில் பெயர்ப் பட்டியலோடு மரியாதையாக இருக்கிறேன். நவமணி ரீச்சருக்குத்தான் குரல் கணீரென்று வரும் என்று வருடாவருடம் வாசிக்க விடுவார்கள். இந்த வருடமும் வாசிப்பேன், ஐந்து பெயர் வாசிப்பேன். ஆறாவதை வாசிக்கமாட்டேன். மூன்று வருடம் ஒரு நாளும் தவறாமல் வந்தவருக்கான வரவுப் பரிசு, சிவக்கொழுந்து. அந்த இடத்தில் நிறுத்தி, இத்தனை பேருக்கும் முன்னால் சொல்லப்போகிறேன், இந்தப் பெட்டைதான் அம்மை வருத்தத்தை வகுப்புக்குள் கொண்டுவந்தவள், இவளுக்கா பரிசு என்று.

பரிசு அதோ இருக்கிறது, தையல் பெட்டி, மூடியைத் திறந்தால் உள்ளே சின்னக் கண்ணாடி. தை மாதமே வாங்கி அலுமாரியில் வைத்திருந்தோம், ஐரிஸ் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள், அவளும் இரண்டு வருடம் ஒரு நாள் தவறாமல் வந்து மூன்றாவது வருடத்தில் நின்றவள். இப்போது வீட்டில் கண்ணாடியே இல்லை, இரண்டையும் கழற்றி நெல்மூட்டைக்குப் பின்னால் வைத்துவிட்டேன். எழும்பி நடக்கிறாள், சாப்பிடுகிறாள், ஆனால் நான் அறைக்குள் போனால் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுகிறாள். பெற்ற தாயிடமுமா வெட்கம்? இன்றைக்கும் நான் வெளிக்கிடும்போது சுவரைப் பார்த்தபடிதான் சொன்னாள், “பெட்டி ஆருக்கெண்டு பாத்து வந்து சொல்லுங்கோ, அம்மா.” என்ன சொல்வேன் நான்? சிவக்கொழுந்தின் தாய், அந்தப் பராசக்தி வீட்டுக்கு என்று சொல்வேனா? ஐரிசுக்குக் காய்ச்சல் கண்ட நாலாம் நாளே போனேன், சிவக்கொழுந்து வீட்டில்தான் வருத்தம் என்று ஊரில் கதை அடிபட்டது. வாசல் படலையில் ஒன்றுமில்லை. சைவச் சனம், அம்மாள் வந்தால் படலையில் வேப்பிலை கட்டும், ஊர் அறிந்து விலகி நடக்கும், அந்த ஒழுங்குகூட இல்லை. உள்ளே போனால் அறைவாசலில் தொங்குகிறது வேப்பிலைக் கொத்து, காய்ந்து சருகாகி! தாய்க்காரி பராசக்தி மறைக்கவுமில்லை. “ஓம் ரீச்சர், கைக்குழந்தைக்கு அம்மாள் வந்தது. படலையிலை கட்டினால் மூத்தவளைப் பள்ளிக்கூடத்துக்கு விடமாட்டினம் எல்லோ? ஒரு நாளும் விடாமல் வந்தால் பெட்டி கிடைக்குமெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?” நான்தானே சொன்னேனாம்! என்னிடமே திருப்பிச் சொல்கிறாள். அறிவில்லாத மனுசி. ஒரு பெட்டிக்காக ஒரு வகுப்பையே கொல்லப் பார்த்தவள். ஆனால் வகுப்பில் வேறு ஒருவருக்கும் வரவில்லை, அதுதான் இன்னும் எரிகிறது, முப்பத்திரண்டு பிள்ளைகள் இருக்க என் பிள்ளையை மட்டும் ஏன் பிடித்தது?

ஒன்று வாசித்தாயிற்று, இரண்டு, மூன்று... காங்கேசன்துறையிலிருந்து வந்த துரைசானி சிரித்துச் சிரித்துக் கொடுக்கிறா. பரிசு வாங்குகிறவர்கள் படியடியில் வரிசையாக நிற்கிறார்கள், ஒவ்வொரு பெயருக்கும் சிவக்கொழுந்து ஒரு படி ஏறி வருகிறாள், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, எண்ணெய் வழிய இரட்டைப் பின்னல். நாலு. ஐந்து. இப்போது என் பக்கத்திலேயே நிற்கிறாள், கைநீட்டினால் எட்டிவிடும். என் முகத்தைப் பார்க்கப் பயம், பின்னலில் கழன்ற பூவைச் சரிசெய்யக் கையைத் தூக்குகிறாள், சட்டைக்கை மேலே ஏறுகிறது... நாலு தழும்பு. வட்டம் வட்டமாக, இன்னும் சிவப்பு மாறாத, அம்மைப்பால் குத்திய தழும்பு.

மாசி மாதம் அம்மைப்பால் குத்துகிற கனிசியஸ் ஊசிப் பெட்டியோடு வந்த அன்று பிள்ளைகளை நான்தானே வரிசையில் விட்டேன். அம்மாள் கோபிப்பா என்று பிள்ளைகளை மறைத்த தாய்மாரை நான்தானே ஏசினேன். ஏசுவதற்கு முன்னமே பராசக்தி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, “குத்துங்கோ” என்று நின்றாள். மறுநாள் இவள் காய்ச்சலோடு வந்தாள், வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு எழுதினாள், நான் வகுப்புக்கு முன்னால் மெச்சினேன். ஐரிசுக்கு என்ன ஆயிற்று? ஐரிஸ் வகுப்பை ஒட்டிய அலுமாரி அறையில் படம் அடுக்கிக்கொண்டிருந்தாள், போய் அடுக்கு என்று அனுப்பியது யார்? குழந்தையில் குத்திய பால் பிடித்துத் தழும்பு விழவில்லை, அப்போதே மூன்று நாள் காய்ச்சல், இப்போது குத்தினால் இரண்டு நாளாவது படுப்பாள், வரவு போய்விடும், சித்திரை விடுமுறையில் குத்தலாம் என்று... “விடுபட்ட பிள்ளையள் இருக்கினமோ, ரீச்சர்?” என்று கனிசியஸ் கேட்டார். “ஒருத்தரும் இல்லை” என்றேன். கணீரென்றுதான் சொன்னேன். இரண்டு நாளுக்காக.

இவள் கொண்டுவந்தாள், அது பொய்யில்லை. பராசக்தி மறைத்தாள், அதுவும் பொய்யில்லை, அவள்மேல் உள்ள ஆத்திரம் போகவில்லை, போகாது... மனேச்சர் ஐயா தொண்டையைச் செருமுகிறார், மண்டபம் முழுக்க என்னைப் பார்க்கிறது. “சிவக்கொழுந்து.” யார் சொன்னது? என் குரல்தான். கைதட்டுகிறார்கள், பெட்டியை வாங்கிக்கொண்டு கண்ணாடியைப் பாராமலே இறங்கிப் போகிறாள். வீட்டுக்குப் போனதும் ஐரிஸ் கேட்பாள், பெயரைச் சொல்லிவிடலாம், அது பெரிய காரியமில்லை. அலுமாரி அறைக்குக் கதவு இல்லை. ஒரு சீலைதான் தொங்கும். கனிசியஸ் கேட்டதும் நான் சொன்னதும் உள்ளே கேட்டிருக்கும். மூன்று மாதமாகப் பிள்ளை அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் முகத்தை மறைக்கத்தான் சுவர்ப்பக்கம் திரும்புகிறாள் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்... ஏழாவது பெயரை வாசிக்கச் சொல்கிறார்கள்.