அழுத முகத்துக்கு அரை மணி நேரம்

எங்கள் பிஸ்கட் கம்பெனியில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். இதை நான் சொல்லவில்லை, வாசலில் மாட்டியிருந்த மெஷின் சொன்னது. மெஷினை மாட்டியது நான். ஆக, நான்தான் சொன்னேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

மனிதவள மேலாளர் என்பது என் உத்தியோகம். ஊழியர் நலன் பற்றிய கருத்தரங்கு ஒன்றுக்குப் போய், இலவசமாகக் கொடுத்த பையையும் ஒரு யோசனையையும் தூக்கிக்கொண்டு வந்தேன். காலையில் உள்ளே நுழைகிறவர்கள் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு மெஷினில் ஒரு முகத்தை அமுக்க வேண்டும். சிரித்த முகம், சும்மா இருக்கும் முகம், அழுத முகம். அழுத முகத்தை அமுக்கியவர்களை அப்படியே விட்டுவிடுவோமா? வேலை முடிந்ததும் என் அறைக்கு வந்து அரை மணி நேரம் மனம் விட்டுப் பேச வேண்டும். கட்டாயம். வேலை நேரத்தில் பேசினால் உற்பத்தி கெட்டுப்போகுமே!

ஆரம்பத்தில் நாலைந்து பேர் அழுதார்கள். பிறகு ஒருத்தர் பாக்கியில்லாமல் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தொழிலாளர்கள் எனக்கு 'சிரிப்பு சார்' என்று பெயர் வைத்திருப்பது காதில் விழுந்தபோது, பாசத்தில் வைத்தது என்று நம்பி மனைவியிடம் பீற்றிக்கொண்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, அக்காவுக்குத் தலை வாரிவிட உள்ளே போய்விட்டாள்.

அக்கா என் கூடப்பிறந்தவள். மாமா போன பிறகு எங்களோடுதான் இருக்கிறாள். சும்மா உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். எங்கள் கம்பெனியிலேயே பேக்கிங்கில் சேர்த்துவிட்டு, அன்றே சட்டமும் போட்டேன்: ஆபீஸ் விஷயத்தை வீட்டில் பேசக் கூடாது, கம்பெனியில் நான் 'சார்', எல்லோரையும் போலக் கம்பெனி பஸ்ஸில்தான் வர வேண்டும். நேர்மை என்றால் எனக்கு அப்படி ஒரு வெறி. என் கார் முன்சீட்டில் சாப்பாட்டுப் பை மட்டும் ஜம்மென்று உட்கார்ந்து வரும்.

கொஞ்ச நாளாக அவளுக்குத் தலை வாரிவிடுவது என் மனைவிதான். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் இவ்வளவு ஒற்றுமையா என்று பூரித்துப்போய், கம்பெனிக் கூட்டத்தில் உதாரணமாக வேறு எடுத்துவிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். அக்காவும் அங்கேதான் இருந்தாள். தட்டினாளா என்று நான் கவனிக்கவில்லை.

முதலாளி மெஷினைப் பார்க்க வந்த அன்றைக்குத்தான் திரையில் ஒரு அழுத முகம் வந்து நின்றது. பெயர் வராது, எண் மட்டும் வரும். ரகசியம் காப்பதும் நலத்திட்டத்தில் சேர்த்தி.

"யாருய்யா அது? எல்லாரும் சிரிக்கிறாங்கன்னு சொன்ன?" என்றார் முதலாளி.

"சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடறேன் சார்," என்றேன், ஏதோ குழாய் ஒழுகுகிற மாதிரி. நாள் முழுக்க எனக்கு வயிற்றெரிச்சல். அழுவதற்கு இன்றைக்குத்தானா கிடைத்தது?

வேலை முடிந்ததும் கதவைத் தட்டிக்கொண்டு அக்கா வந்தாள்.

"நீயா? எதுவானாலும் வீட்ல பேசலாம்க்கா. இப்ப எனக்கு ஒரு ஆள் வரணும்."

"அந்த ஆள் நான்தான் சார்."

 வருகிறவர்களிடம் கேட்பதற்கென்று ஒரு தாளில் கேள்விகள் எழுதி வைத்திருந்தேன். அதையே வாசித்தேன்.

"தூக்கம் ஒழுங்கா வருதா?"

"எந்தப் பக்கமும் திரும்பிப் படுக்க முடியல சார். ரெண்டு தோள்பட்டையும் போச்சு. பெட்டியைத் தலைக்கு மேல தூக்கி அடுக்கணும்ல, இப்ப கையே மேல போகல. உக்காந்து பாக்குற வேலைக்கு மாத்தினா இருப்பேன். இல்லன்னா நாளையிலருந்து வேலையை விட்டே நின்னுக்கறேன்."

"சூப்பர்வைசர்கிட்ட சொல்லலையா?"

"சொன்னேன். அழுத முகத்தை அமுக்குங்க, சார் பாத்துக்குவாருன்னாரு."

"அப்ப இத்தனை நாளா ஏன் அமுக்கல?"

அக்கா ஜன்னலைக் காட்டினாள். கீழே கம்பெனி பஸ் கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"அமுக்கினா இது போயிடும். அப்புறம் மெயின் ரோடு வரைக்கும் நடக்கணும். அதுக்குத்தான் சார் எல்லாரும் சிரிக்கிறாங்க."

காரில் போய் வருகிறவனுக்கு பஸ் நேரம் எப்படித் தெரியும்? நான் அடுத்த கேள்விக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

"உங்க கஷ்டத்தைச் சொல்ல வீட்ல யாராவது இருக்காங்களா?"

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "ஒரு தம்பி இருக்கான் சார். ஆபீஸ் விஷயத்தை வீட்ல பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்கான்."

வெட்கத்தில் காது சுட்டது. அழுகையும் வந்தது. தாளை மடித்து மேஜைக்குள் போட்டேன்.

"நாளைக்கே மாத்திடறேன்க்கா. இந்தப் பேச்சையும் வேலை நேரத்துக்குள்ள கொண்டுவந்துடறேன்."

"மொதலாளி விடுவாரா?"

"அவர்கிட்ட நான் திட்டு வாங்கிக்கறேன். நீ கெளம்பு, கார்ல போலாம்."

சாப்பாட்டுப் பையைப் பின்சீட்டில் தூக்கிப் போட்டேன். அக்கா உட்கார்ந்து, சீட் பெல்ட்டை எடுக்கக் கையைத் தூக்கினாள். தோள் வரைக்கும்கூடப் போகவில்லை. நானே குனிந்து மாட்டிவிட்டேன். அவள் தலை என் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. நேர் வகிடு, இறுக்கிப் பின்னிய பின்னல், எல்லாம் என் மனைவியின் கைவேலை. தினமும் ஒரே வீட்டில் இதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒற்றுமை என்று மேடையில் பேசியிருக்கிறேன்.

"அன்னைக்குக் கூட்டத்துல நீ கை தட்டினியாக்கா?"

"தட்டினேன்டா," என்றாள். "மடியில வச்சு."