நிறைபுத்தரிசிக்கு ஒரு கட்டுக் கதிர்

ஆடி மாதம் எங்கள் ஊர் அம்மன் கோவிலில், புது நெல்லை அம்மனுக்குப் படைக்கும் நிறைபுத்தரிசி பூஜை. அதற்கான புதுக் கதிர்க்கட்டு எங்கள் குடும்ப வயலிலிருந்துதான் போகவேண்டும். சுமந்து போகிறவருக்குத் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். அந்த மரியாதை என் அண்ணன் பகவதியப்பனுக்கு. வயலை மூடி மனை போட்டாலும் மரியாதையை மட்டும் விடமாட்டாராம்!

பூதப்பாண்டிப் பக்கம் அப்பா விட்டுப்போன வயலில் மேல்பாதி எனக்கு, கீழ்ப்பாதி அவருக்கு. என் தண்ணீர் வடியும் ஓடை அவர் பாதி வழியாகத்தான் போகும். பங்குனியில் லாரி லாரியாகச் செம்மண் வந்து இறங்கியபோது வரப்பில் நின்று கத்தினேன்.

“ஓடையையாவது விடுங்க அண்ணே!”

“கெடந்து சாடாத தாணம்மா. ஒரு வயல்தானே? அத மூடினா பூமி அழிஞ்சிருமா? டிவியில எவனோ கடல் ஏறுது, பனி உருகுதுன்னு பயங்காட்டுகான், நீயும் சேந்து துள்ளுக.”

அன்றிலிருந்து என்னைக் கண்டாலே “பூமாதேவி வாறா” என்பார். கூட நிற்பவர்கள் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் போனால் ரோட்டின் இருபக்கமும் மனை விற்பனை போர்டுகள். அத்தனையும் யாரோ ஒருவர் ‘ஒரு வயல்தானே’ என்று மூடியதுதான்.

ஆடியில் மழை விட்டபாடில்லை. ஓடை இல்லாத வயலில் தண்ணீர் எங்கே போகும்? அறுப்புக்கு நின்ற நெல் சாய்ந்து தண்ணீருக்குள் கிடந்தது. என் வீட்டுக்கு வருஷச் சோறு அது.

பூஜையன்று காலையில் அண்ணன் புதுவேட்டி கட்டி வந்து நின்றார். “ஒரு கட்டுக் கதிர் அறுத்துத் தா. நேரமாச்சு.” வெட்கம் மருந்துக்கும் இல்லை.

வயலில் இறங்கினேன். தண்ணீருக்குள் துழாவி ஒரு கட்டு அறுத்து அவர் கையில் கொடுத்தேன். கதிரிலேயே நெல் முளைத்திருந்தது. வெள்ளை வேர்கள் தொங்கின.

“இது முளச்சுப்போச்சே! இத எப்படி அம்மனுக்கு முன்னால வைக்க? நல்லதாப் பாத்து எடு.”

“நல்லதே இதுதான். மிச்சமெல்லாம் அழுகிப்போச்சு.”

அப்போதுதான் அண்ணன் என் வயலைத் திரும்பிப் பார்த்தார். கோவிலில் மேளம் தொடங்கிவிட்டது.

“கொண்டு போங்க அண்ணே. ஒரு வயல்தானே போச்சுன்னு அம்மன்ட்ட நீங்களே சொல்லுங்க.”